கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன்னால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனக் கேள்வி-பதில் பகுதியில் கோபிசெட்டிபாளையத்து வாசகர் ஒருவர் தம்முடைய 2005 மாடல் மாருதி 800 பற்றிக் கேட்டிருந்தார். முதல் கியரில் எடுக்கும்போது வண்டி தூக்கித் தூக்கி அடிக்கிறது, ரிவர்ஸில் இன்னும் மோசம், ஓட ஆரம்பித்துவிட்டால் ஒன்றும் தெரிவதில்லை என்று தெளிவாகவே எழுதியிருந்தார். வந்த பதில் ஒரே வரி: “கிளட்ச் செட் மாற்றுங்கள்.”

பல வண்டிகளுக்கு அந்தப் பதில் பொருந்தும். ஆனால் கிளட்ச் செட் மாற்றுவதென்றால் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். கூலியும் சாமானும் சேர்த்துச் செலவழித்த பிறகு, வண்டியை எடுத்தால் பழையபடி உதறினால் யாரைக் கேட்பது? “ரிவர்ஸில் இன்னும் மோசம்” என்று அவர் எழுதியதிலேயே பாதி விடை இருந்தது. அதைக் கண்டுகொள்ளாமல் விட்டதால்தான் இந்தக் கடிதம்.

பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “எடுக்கயில ஜெர்க் அடிக்குதுங்க.” அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. கிளட்ச் பிடிக்க ஆரம்பிக்கும் இடத்தில் டடடடவென்று உதறி, பெடலிலிருந்து கால் முழுதும் எடுத்ததும் நின்றுவிடுவது ஒன்று. கால் முழுதும் எடுத்த பிறகும் வண்டி வெட்டி வெட்டிப் போவது இன்னொன்று. எடுக்கும்போது ‘டக்’கென்று ஒரே ஒரு இடி இடித்துவிட்டு அப்புறம் ஒழுங்காகப் போவது மூன்றாவது. முதலாவது கிளட்ச், கேபிள், இன்ஜின் மவுண்டிங் சம்பந்தப்பட்டது. இரண்டாவது பெரும்பாலும் இன்ஜின் இழுவை. மூன்றாவது தேய்ந்த ஜாயிண்ட், அல்லது எங்கேயோ தளர்ந்த போல்ட். இதைப் பிரித்துப் பார்க்காமல் ஸ்பேனரை எடுப்பது வீண் வேலை.

பிரித்துப் பார்க்கக் காசு செலவில்லை. சமதரையில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், இன்ஜின் சூடான பிறகு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் முதல் கியரில் கிளட்சை மிக மெதுவாக விடுங்கள். நல்ல நிலையில் உள்ள வண்டி அணையாமல் தானே ஊர்ந்து கிளம்பும். எந்த இடத்தில் உதறல் தொடங்குகிறது, எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். அதையே ரிவர்ஸில் செய்யுங்கள். பிறகு நியூட்ரலில் வைத்து, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்து, இன்ஜின் வேகத்தை நிமிடத்துக்கு 1500 சுற்று அளவில் பிடித்து வையுங்கள். 800 மாதிரி வண்டிகளில் ஆர்.பி.எம் மீட்டர் கிடையாது, காதுதான் மீட்டர். சத்தம் ஒரே சீராக இருந்தால் இன்ஜினை இப்போதைக்குச் சந்தேகிக்க வேண்டாம். ஏறி இறங்கினால், இடையிடையே ‘மிஸ்’ ஆனால், கிளட்ச் பக்கமே போகாதீர்கள். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: 800, ஆல்டோ போன்றவற்றில் இருப்பது மூன்று சிலிண்டர் இன்ஜின். ஐடிலில் லேசான நடுக்கம் அதன் பிறவிக் குணம்.

எப்போது உதறுகிறது என்பதும் முக்கியம். தோட்டத்தில் ஓலைக் கொட்டகைக்குள் பத்து நாள் நிறுத்திய வண்டி, மழைக்காலத்து விடியற்காலையில் முதல் நான்கைந்து தடவை உதறிவிட்டுச் சரியாகிவிட்டால் விட்டுவிடுங்கள். ஃப்ளைவீல் (இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம், கிளட்ச் பிளேட் இதன் மேல்தான் அழுந்திப் பிடிக்கிறது) முகத்தில் படிந்த மெல்லிய துரு உரசிப் போகும் வரைதான் அது. காலையில் ஒழுங்காக இருந்து, ஊருக்குள் நெரிசலில் அரை மணி நேரம் நின்று நின்று ஓடிச் சூடேறிய பிறகு உதறினால் கிளட்ச் பிளேட்டிலோ ஃப்ளைவீலிலோ கோளாறு இருப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

இன்ஜின் பக்கம் என்று தெரிந்தால் வேலை எளிது, சுருக்கமாகவே சொல்கிறோம். ஏர் ஃபில்டர், ஃபியூவல் ஃபில்டர், பிளக் மூன்றையும் முதலில் பாருங்கள். பிளக் இடைவெளி எம்.பி.எஃப்.ஐ (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் வழியே பெட்ரோல் தெளிக்கும்) வண்டிகளில் பொதுவாக 1.0 முதல் 1.1 மி.மீ., பாயிண்ட் (மின்பொறிக்குக் கரண்டை விட்டு விட்டுத் தரும் தொடுமுனை) வைத்த பழைய வண்டிகளில் 0.6 முதல் 0.8 மி.மீ.; உங்கள் வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவே இறுதி. பிளக் ஒயரை இருட்டில் இன்ஜின் ஓட ஓடப் பாருங்கள், கையால் தொட வேண்டாம். மின்பொறி வெளியே தாவினால் கண்ணுக்கே தெரியும். இன்ஜினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியில் கரி படிந்தால், ஆக்சிலரேட்டரை லேசாகத் தொடும் அந்தக் கணத்தில் இன்ஜின் தடுமாறும். கார்புரேட்டர் வண்டியில் அதே குணத்தை ஆக்சிலரேட்டர் பம்ப் டயாஃப்ரம் காட்டும். காற்றுக் குழாய், வேக்யூம் குழாய் வெடிப்பு விட்டிருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். கேஸ் கிட் போட்ட வண்டியா? பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டுங்கள். பெட்ரோலில் உதறல் இல்லையென்றால் கேஸ் டியூனிங்தான், வேறொன்றுமில்லை. டீசல் வண்டியில் ஃபில்டரில் தேங்கிய தண்ணீரும் டீசல் லைனில் காற்றும்தான் முதல் சந்தேகம்.

கிளட்ச் பிடிக்கும் இடத்தில்தான் உதறல் என்றால், அடுத்து பெடல். ஒரு ஸ்கேலைப் பெடல் பக்கத்தில் நிறுத்தி, கையால் அழுத்துங்கள். கனமில்லாமல் வெறுமனே இறங்கும் தூரம் கேபிள் கிளட்சில் பொதுவாக 15 முதல் 25 மி.மீ. இருக்க வேண்டும். இந்த வெறும் தூரமே இல்லையென்றால், பெடலை மிதிக்கும்போது கிளட்சைப் பிரிக்கும் ரிலீஸ் பேரிங் எந்நேரமும் ஒட்டிச் சுற்றும், பிளேட் நழுவும். அதிகமாக இருந்தால் கிளட்ச் முழுதும் பிரியாது, ரிவர்ஸ் விழும்போது பற்கள் கத்தும். அளவை விட முக்கியமானது பெடல் திரும்பி வரும் விதம். கையாலேயே மெதுவாக விட்டுப் பாருங்கள். நடுவில் நின்று, திடீரென்று தாவி மேலே வந்தால் கேபிள் இறுகியிருக்கிறது. கால் எவ்வளவு மெதுவாக விட்டாலும் பிளேட் மட்டும் தாவிப் பிடிக்கும். ஓட்டுகிறவர் தம் காலைத்தான் நொந்துகொள்வார்.

இறுகிய கேபிளுக்கு இன்ஜின் ஆயில் விடும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் உண்டு. உள்ளே நைலான் குழல் வைத்த கேபிளுக்கு ஆயில் தேவையில்லை. விட்டால் செம்மண் தூசு ஒட்டி மேலும் இறுகும். கேபிளை மாற்றுவதே நல்லது, விலையும் பெரிதில்லை. புதிது போடும்போது பழையது போன வழியிலேயே கொண்டு போங்கள். சைலன்சர் குழாயைத் தொடவோ மடங்கவோ கூடாது.

கேபிள் ஆறே மாதத்தில் மறுபடி இறுகினால் இன்னொரு இடத்தையும் பார்க்க வேண்டும். இது பல மெக்கானிக்குகளுக்கே நினைவு வருவதில்லை. இன்ஜினிலிருந்தோ கியர் பாக்ஸிலிருந்தோ பாடிக்குப் போகும் எர்த் பட்டை ஒன்று உண்டு. அது அறுந்தாலும், முந்தைய வேலையில் யாராவது மாட்ட மறந்திருந்தாலும், செல்ஃப் அடிக்கும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் கரண்ட் திரும்பிப் போக வழி தேடும். கிடைக்கும் வழி கிளட்ச் கேபிளும் ஆக்சிலரேட்டர் கேபிளும்தான். உள்ளே இருக்கும் கம்பி சூடேறி நைலானை உருக்கிவிடும். செல்ஃப் மந்தமாக இருந்து, கேபிளும் அடிக்கடி போனால் எர்த்தைப் பாருங்கள். கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டியானால் மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர் ஒழுகல், ஆயில் அளவு, லைனில் காற்று ஆகியவற்றைப் பாருங்கள். அதில் ஊற்றும் பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சக்கூடியது, இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவையாவது மாற்றுங்கள்.

இனி, கோபி வாசகர் பார்த்திருக்க வேண்டிய இடத்துக்கு வருகிறோம்: இன்ஜின் மவுண்டிங். வண்டிக்கு வண்டி மூன்றோ நான்கோ ரப்பர் மவுண்டிங்குகள் இன்ஜினையும் கியர் பாக்ஸையும் தாங்குகின்றன. கிளட்ச் பிடித்ததும் இன்ஜின் ஒரு பக்கம் சாயப் பார்க்கும். ரப்பர் நன்றாக இருந்தால் கொஞ்சம் சாய்ந்து நின்றுவிடும். கிழிந்திருந்தால் அதிகம் சாயும். கேபிளின் ஒரு முனை பாடியோடும் மறுமுனை கியர் பாக்ஸோடும் இணைந்திருப்பதால், இன்ஜின் சாயச் சாயக் கேபிளின் இழுப்பு மாறுகிறது. கால் அசையாமலே கிளட்ச் விடுபடும், இழுவை குறைந்ததும் இன்ஜின் நிமிரும், மறுபடி கிளட்ச் பிடிக்கும், மறுபடி சாயும். நொடிக்குப் பல தடவை இது நடப்பதைத்தான் உதறல் என்கிறோம். புத்தம் புதிய பிளேட் போட்டாலும் இது அப்படியேதான் இருக்கும். ரிவர்ஸில் இன்ஜின் எதிர்ப்பக்கம் சாய்வதால், முன்னே போகும்போது அழுந்தி மூடிக்கொள்ளும் கிழிசல் அப்போது வாயைப் பிளக்கும். ஒரு திசையில் மட்டும் உதறல் கூடுதல் என்றாலே மவுண்டிங்கைப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

சோதிக்க இரண்டு பேர் வேண்டும். பின் டயர்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, கால் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு ஒருவர் உள்ளே உட்கார வேண்டும். பானெட்டைத் திறந்து மற்றவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும்; வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ ஒருவரும் நிற்கக் கூடாது. முதல் கியரில் கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் வரை விட்டு, உடனே மிதிக்க வேண்டும். பிறகு ரிவர்ஸில் அதேபோல். இன்ஜின் விரல் கனத்துக்கு அசைந்தால் குறையில்லை. இரண்டு மூன்று சென்டிமீட்டர் எழும்பி ‘தொம்’ என்று விழுந்தால் ரப்பர் போய்விட்டது. இன்ஜினை அணைத்த பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள்: ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்திருக்கும், அல்லது மேலே டேப்பட் கவர் பாக்கிங்கிலிருந்து ஒழுகிய ஆயில் பட்டு ஊறிப் பிசுபிசுக்கும். அப்படியானால் ஒழுகலை நிறுத்தாமல் மவுண்டிங் மாற்றிப் பயனில்லை. உள்ளே திரவம் அடைத்த மவுண்டிங் என்றால் கறுப்பாகக் கசிந்திருக்கும்.

ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, பதினைந்து வருஷம் பழகிய மற்றவற்றை விட்டால் அவையும் சீக்கிரம் போகும். மாற்றும்போது எல்லா போல்டுகளையும் தளர்வாக மாட்டி, இன்ஜினைக் கையால் ஆட்டி அதன் இடத்தில் உட்காரவிட்டு, அதற்குப் பிறகே முறுக்க வேண்டும். இழுத்துப் பிடித்து முறுக்கினால் புது ரப்பர் திருகியபடியே இருக்கும், ஐடிலில் ஸ்டீயரிங் வரை அதிரும்.

ஒற்றை இடிக்கு வேறு இடங்கள். முன்சக்கர இழுவை வண்டியில் ஆக்சிலின் உள்பக்க ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம். ஆம்னி, அம்பாசிடர், ஜீப் வகைகளில், கியர் பாக்ஸின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயிண்ட். அடியில் படுத்து ஷாஃப்டைக் கையால் முன்னும் பின்னும் திருகினால் ஆட்டம் தெரியும். மஞ்சள் மூட்டையும் தேங்காய்ச் சாக்கும் ஏற்றிப் பழகிய ஆம்னிகளில் பின்பக்க ஸ்ப்ரிங் பட்டையின் ‘யு’ போல்ட் தளர்ந்து, எடுக்கும்போது ஆக்சிலே கொஞ்சம் நகரும். மழையில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தி, பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்வதும் காலையில் இதே ‘டக்’கைத் தரும்.

இத்தனையும் சரியாக இருந்து, பிடிக்கும் இடத்தில் உதறல் மட்டும் போகவில்லையென்றால் அப்போது கியர் பாக்ஸை இறக்குங்கள். இறக்கிவிட்டுக் கழன்று வந்ததைத் தூக்கிப் போட்டுப் புதுசை மாட்டுவது வேலையில்லை. கழன்று வந்ததைப் படிக்க வேண்டும். வண்டிக்காரரும் பக்கத்தில் இருந்து பழைய பிளேட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். மெக்கானிக் கோபித்துக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை.

ரிவெட் தலைக்கு மேல் லைனிங் (பிளேட்டின் உரசும் பூச்சு) அரை மில்லிமீட்டர் கூட இல்லையென்றால் ஆயுள் முடிந்தது. லைனிங் கனமாக இருந்தும் கண்ணாடி போல மின்னினால் சூட்டில் பாலிஷ் ஆகியிருக்கிறது. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27. இவற்றில் ஏறுவதால் பிளேட் கருகுவதில்லை. வளைவில் லாரிக்குப் பின்னால் ஹேண்ட் பிரேக் போடாமல் ஹாஃப் கிளட்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடிப்பதால்தான் கருகுகிறது. விசேஷ நாளில் மருதமலை ஏற்றத்தில் நின்று நின்று நகரும் வரிசையும் அப்படித்தான். பிளேட்டின் நடுவில் உள்ள ஸ்ப்ரிங்குகளை விரலால் ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினாலோ ஒன்று உடைந்திருந்தாலோ, லைனிங் நன்றாக இருந்தாலும் உதறும். கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்தும் பிரஷர் பிளேட்டின் நடுவில் விரல் போல நீளும் ஸ்ப்ரிங் முனைகள் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று கண்ணை அந்த மட்டத்துக்குத் தாழ்த்திப் பாருங்கள்.

லைனிங்கில் ஆயில் பட்டிருந்தால் அது எந்த ஆயில் என்று கண்டுபிடிக்காமல் மேலே போகாதீர்கள். ஃப்ளைவீலுக்குப் பின்பக்கம் நனைந்திருந்தால் இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல். கியர் பாக்ஸ் ஷாஃப்ட் வெளிவரும் குழலைச் சுற்றி நனைந்து, கந்தக வாடையோடு கெட்டியாக இருந்தால் கியர் ஆயில், அந்தப் பக்கத்துச் சீல். சீலை விட்டுவிட்டுப் பிளேட்டை மட்டும் மாற்றினால், புதுப் பிளேட்டும் அதே ஆயிலைக் குடிக்கும். பெட்ரோலில் கழுவி, எமரித் தாளால் தேய்த்துப் பழைய பிளேட்டையே மாட்டித் தருவோரும் உண்டு. சூடேறியதும் உள்ளே ஊறிய ஆயில் மேலே வரும், சில வாரத்தில் பழைய கதை.

எல்லோரும் விட்டுவிடுவது ஃப்ளைவீலைத்தான். ‘கிளட்ச் செட்’ என்று கடையில் தரும் பெட்டிக்குள் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றும் இருக்கும், ஃப்ளைவீல் இருக்காது. பெட்டியில் இல்லாதது கவனத்திலும் இல்லாமல் போகிறது. அதன் முகத்தில் நீலமும் கறுப்புமாகத் திட்டுகள் இருந்தால், அந்த இடங்களில் இரும்பு சூட்டில் இறுகி, சுற்றியுள்ள பரப்பை விட மேலெழும்பி நிற்கிறது என்று பொருள். புதுப் பிளேட் அந்த மேடுகளை மட்டும் தொட்டுத் தொட்டுப் பிடிக்கும், முதல் நாளே உதறும். எமரிக்கு நிறம் போகும், மேடு போகாது. டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் முகத்தின் ஆட்டம் 0.2 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும். மோட்டார் பம்பும் வெட் கிரைண்டரும் செய்து நாடெங்கும் அனுப்பும் எங்கள் கோவையில் இதைச் சரிசெய்ய ஆளில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ என்று எங்கே திரும்பினாலும் பட்டறைதான். ஆனால் லேத்தில் சாதாரண டூல் அந்த இறுகிய திட்டைச் சீவாமல் அதன் மேல் தாவிப் போய்விடும். சர்ஃபேஸ் கிரைண்டிங் கேளுங்கள். திட்டு மறையும் அளவுக்கு மட்டும், முடிந்தவரை குறைவாக எடுக்கச் சொல்லுங்கள். சில ஃப்ளைவீல்களில் பிளேட் உரசும் முகமும் பிரஷர் பிளேட் உட்காரும் விளிம்பும் வெவ்வேறு உயரத்தில் படியாக இருக்கும். ஒன்றில் எவ்வளவு எடுத்தாலும் மற்றதிலும் அதே அளவு எடுக்க வேண்டும். உரசும் முகத்தில் மட்டும் எடுத்தால் பிரஷர் பிளேட்டின் அழுத்தம் குறைந்து, உதறலுக்குப் பதில் நழுவல் வரும். பிற்காலத்து டீசல் வண்டிகள் சிலவற்றில் உள்ளே ஸ்ப்ரிங் வைத்த இரட்டை ஃப்ளைவீல் வரும். அதைக் கிரைண்டிங்குக்கு அனுப்பக் கூடாது, கெட்டுப் போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

மாட்டும்போது செய்யும் தவறுகளால் புதுக் கிளட்ச் உதறுவதும் குறைவில்லை. புதுப் பிரஷர் பிளேட்டில் துருப்பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெய்ப் பூச்சைப் பிரேக் கிளீனரால் துடைக்க வேண்டும். கிரீஸ் கையோடு லைனிங்கைத் தொடக் கூடாது. ஷாஃப்டின் பற்களில் கிரீஸ் பூசித் துடைத்துவிட்டு, மினுமினுப்பு மட்டும் மிஞ்சினால் போதும். அப்பி வைத்தால் சுற்றும் வேகத்தில் லைனிங் மேல் தெறிக்கும். பிரஷர் பிளேட் போல்டுகளை எதிரெதிராக அரைச் சுற்று அரைச் சுற்றாக முறுக்க வேண்டும், ஒரு பக்கமே முறுக்கிப் போனால் கவர் கோணும். எல்லாவற்றிலும் கொடிய தவறு ஒன்று உண்டு. கியர் பாக்ஸைத் தூக்கி ஷாஃப்டைப் பிளேட்டுக்குள் நுழைத்துவிட்டு, ஜாக் சரியில்லை, ஆள் போதவில்லை என்று முழுக் கனத்தையும் அதிலேயே சித்த நேரம் தொங்கவிடுவார்கள். பிளேட்டின் நடுப்பகுதி வளைய அந்தச் சித்த நேரம் போதும். வெளியில் ஒன்றும் தெரியாது, வண்டி எடுக்கும்போதுதான் தெரியும். இன்ஜினுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் (கிளட்சை மூடியிருக்கும் கியர் பாக்ஸின் கூடு) நடுவில், இரண்டையும் இடம் மாறாமல் பொருத்தும் டவல் பின்கள் என்ற சிறு ஊசிகள் தொலைந்திருந்தாலும் இரண்டும் நேர்கோட்டில் நிற்காது. எண்ணிப் பார்த்து மாட்டுங்கள். புதுக் கிளட்சுடன் முதல் 500 கிலோமீட்டருக்கு மலையேற்றமும் பாரமும் வேண்டாம்.

மாருதி 800, அம்பாசிடர் இரண்டும் உற்பத்தி நின்றது 2014-இல். இவற்றை இன்றும் ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் சந்தைக்கும் தோட்டத்துக்கும் போய்வர வைத்திருப்பவர்கள். ஒரு வரிப் பதிலை நம்பிக் கியர் பாக்ஸை இறக்கும் செலவு அவர்களுக்குச் சின்னதில்லை. இனி இப்படிக் கேள்வி வந்தால், பதில் எழுதுபவர் நான்கு விவரங்களைத் திருப்பிக் கேட்டு வாங்கி எழுதினால் நன்றாயிருக்கும்: குளிரிலா சூட்டிலா, முன்னுக்கா ரிவர்ஸிலா, பெடலை முழுதும் விட்ட பிறகும் உண்டா, கடைசியாகக் கியர் பாக்ஸை இறக்கியது எப்போது.

கோபி வாசகர் முதலில் மவுண்டிங்கைச் சோதிக்கட்டும். அடுத்து எர்த் பட்டை, அதற்கடுத்துக் கேபிள். மூன்றும் அரை நாள் வேலை. மூன்றும் நன்றாக இருந்தால் மட்டும் கிளட்சைத் திறக்கச் சொல்லுங்கள். திறக்கும்போது கிராங்க் சீலையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போகட்டும், ஃப்ளைவீலைக் கழற்றிக் கிரைண்டிங்குக்குக் கொடுக்க ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
கார் மெக்கானிக்குகள் சிலர்,
கணபதி, கோயம்புத்தூர்.